ஹியாம் கேட்காத பதிவு

மாதத்தின் முதல் திங்கட்கிழமை அலுவலகத்துக்குள் நுழைந்ததும், கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல், ஹியாம் யஸ்பெக் மூலையில் இருக்கும் பழைய கணினியின் பின்பக்கம் குனிவார். அதை மற்றக் கணினிகளோடு இணைக்கும் நீலக் கம்பியைப் பிடுங்கி, சுருட்டி, மேல்சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். சோதனை முடிந்து மாலையில் வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் அதை வெளியே எடுப்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏன் என்று கேட்டேன்.

“கம்பி என் பையில இருக்கற வரைக்கும் இந்தப் பொட்டி அனாதை. இதுல என்ன கூத்து நடந்தாலும் சர்வருக்குத் தெரியாது.”

“பிடுங்கி மேஜை மேல வச்சா போதாதா, மாதாம்?”

“மேஜை மேல இருந்தா யாராவது நல்ல மனசோட திரும்பச் சொருகிடுவாங்க. கெட்ட மனசுக்காரங்ககிட்ட எனக்குப் பயமில்ல, ஹபீப்தி, என் கண்ணு. உதவி பண்ண வர்றவங்ககிட்டதான் பயம்.”

எங்கள் அலுவலகம் புர்ஜ் ஹம்மூதில், ஓர் ஆர்மீனியரின் இறைச்சிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. வெந்தயமும் பூண்டும் தடவித் தொங்கவிட்ட இறைச்சியின் வாடை படிக்கட்டு முழுக்க இருக்கும். உள்நாட்டுப் போரில் காணாமல் போனவர்களின் வீட்டாரை உட்காரவைத்து, அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்து காப்பதுதான் எங்கள் வேலை. நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள். பெரும்பாலும் தாய்மார்கள். அவன் எந்தச் சாலையில் போனான், எந்தப் பல் உடைந்திருந்தது, வாசலில் நின்று கடைசியாக என்ன சொன்னான். எங்காவது தோண்டும்போது எலும்பு கிடைத்தால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்பது காகிதத்தில் எழுதியிருந்த காரணம். தாய்மார்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள் என்பது எழுதாத காரணம்.

பதிவுகளைக் கேட்டு அரபியில் எழுதி, பிறகு பிரெஞ்சில் பெயர்ப்பது என் பங்கு. குடும்பப் பெயரின் அகரவரிசையில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரப் பதிவுக்கு ஒரு வாரம் பிடிக்கும். நான் எழுதி முடிக்காத பதிவுகள் சர்வரில் குரலாக மட்டுமே இருந்தன. அந்தக் குரல்களுக்குக் காவல் ஹியாம்.

அவருக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. திருமணம் செய்துகொள்ளவில்லை. ஜ்தைதேயில் அம்மாவோடு இருந்த அதே வீட்டில் தனியாக இருந்தார். இருபத்திரண்டு வயதில் ஒரு பத்திரிகை அலுவலகத்தின் கணினி அறையில் வேலைக்குச் சேர்ந்தவர். அங்கே ஒருவன் எடுத்துவைத்த நகல் வேலை செய்கிறதா என்று பார்க்க ஆசைப்பட்டு, அதை ஓடிக்கொண்டிருந்த கணினியிலேயே திருப்பி ஏற்றிவிட்டான். நகல் நான்கு நாள் பழையது. நான்கு நாள் வேலை அதன் அடியில் போய்விட்டது.

“நகல் நல்லாத்தான் இருந்தது. அதை நிரூபிச்சுட்டான்,” என்பார் ஹியாம். அந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் சத்தமாகச் சிரிப்பார்.

அதிலிருந்து அவருக்கு இரண்டு விதிகள். நகல் எடுத்தால் மட்டும் போதாது, அது திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பார்க்கும்போது அசல்மேல் கை படவே கூடாது. அதற்காகத்தான் அந்தப் பழைய கணினி. அதில் சர்வரின் நகலை இறக்கி, கோப்பு திறக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு விடமாட்டார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுதும் கேட்பார். மாதத்துக்கு ஓர் அரபி எழுத்து. ஒரு மாதம் அலிஃபில் தொடங்கும் குடும்பங்கள், அடுத்த மாதம் பா. இருபத்தெட்டு எழுத்துகளையும் சுற்றிவர இரண்டு வருடம் நான்கு மாதம். ஒவ்வொரு எழுத்தும் முடிந்ததும் சுவரில் மாட்டிய அட்டையில் பச்சைப் பேனாவால் ஒரு குறி போடுவார்.

பெரிய எழுத்துகளுக்கு ஒரு திங்கள் போதாது. மீம் வந்த மாதம் இரண்டு வாரம் கேட்டுக்கொண்டிருந்தார். அலுவலகத் தலைவி மாதாம் நுஹாத் பொறுக்க முடியாமல் கதவருகே வந்து நின்றார். அவருடைய கணவரும் எண்பத்திரண்டில் காணாமல் போனவர்தான்.

“ஹியாம், கோப்பு எண்ணிக்கை சரியா இருக்கா?”

“இருக்கு.”

“அளவு?”

“அதுவும் இருக்கு.”

“அப்புறம் ஏம்மா நாள் பூரா காதுல அதை மாட்டிக்கிட்டு அழுதுட்டு உக்காந்திருக்கே?”

“நான் அழல. கண்ணு எரியுது. உங்க ஏசிக்குத் தண்ணி ஒழுகத்தான் தெரியும், குளிரத் தெரியாது.”

நுஹாத் போய்விட்டார். ஹியாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கேட்க ஆரம்பித்தார்.

ஒரே ஒரு பதிவை அவர் கேட்டதில்லை. அது அவருடைய அம்மாவின் பதிவு.

இதை அவரே ஒரு நாள், சமையலறையில் காபிக்குத் தண்ணீர் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டு, சொன்னார். நான் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் எனக்கு இல்லை. அதனால்தான் சொன்னாரோ என்னவோ.

எண்பத்தைந்தாம் வருடம். நகரம் இரண்டாகக் கிடந்த காலம். ஹியாமுக்குப் பதினேழு வயது, பள்ளி இறுதித் தேர்வு. கணக்கு நோட்டு மறுபக்கத்தில் இருந்த ஒரு தோழியிடம் மாட்டிக்கொண்டது. அண்ணன் நாஸிஃபிடம் வாங்கிவரச் சொன்னார். இன்றைக்கு வேண்டாம், சூழ்நிலை சரியில்லை என்றான். இவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார். அவன் சிரித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். கடவைச் சாவடி வரைக்கும் அவனைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அதற்கு அப்புறம் யாரும் இல்லை.

“அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்டதில்ல,” என்றார் ஹியாம். “இருபத்தி நாலு வருஷம். நோட்டுன்னு ஒரு சொல் அந்த வீட்டுல வரல. ரெண்டாயிரத்து ஆறுல இங்க வந்து உக்காந்து பேசினாங்க. நான் கதவைச் சாத்திட்டு மாடிக்குப் போயிட்டேன். ரெண்டு மணி பத்து நிமிஷம் பேசியிருக்காங்க. அவ்வளவு நேரம் பேசறவங்க இல்ல அவங்க.”

“நீங்க கேக்கலாமே, மாதாம்.”

“கேப்பேன். ஒரு நாள் கேப்பேன். என்னைச் சொல்லியிருக்காங்களா, சொல்லலையான்னு தெரியணும்ல. சொல்லியிருந்தா அது ஒரு மாதிரி. சொல்லாம விட்டிருந்தா அது இன்னொரு மாதிரி. ரெண்டையும் தாங்கற அன்னிக்குக் கேப்பேன். எங்க போயிடப்போகுது? என் பொறுப்புலதானே இருக்கு.”

அம்மா இரண்டாயிரத்து ஒன்பதில் இறந்தார். அதன் பிறகு அந்தப் பதிவில் மட்டும்தான் அவர் பேசினார்.

நான் சேர்ந்த பிறகு ஒரே ஒரு முறைதான் யா எழுத்தின் மாதம் வந்தது. அகரவரிசையில் கடைசி எழுத்து. மூன்றே குடும்பங்கள்: யாரித், யஸ்பெக், யூனுஸ். ஹியாம் கம்பியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். யாரித் வீட்டாரின் பதிவை முதலிலிருந்து கடைசிவரை கேட்டார். குரல் தெளிவாக இருந்தது. அடுத்த பெயரில் கையை வைத்தார். வைத்தபடியே இருந்தார். நான் என் மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சுமார் பத்து நிமிடம் இருக்கும். பிறகு எழுந்துபோய் அட்டையில் யா எழுத்துக்கு நேரே பச்சைக் குறி போட்டார்.

என் பக்கம் திரும்பாமலே, “ஒண்ணு சரியா இருந்தா மத்ததும் சரியாத்தான் இருக்கும்,” என்றார்.

அந்த வாக்கியத்தை வேறு யாராவது சொல்லியிருந்தால் அவர் எப்படிப் பாய்ந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை. யூனுஸ் குடும்பத்தின் பதிவு யஸ்பெக்குக்கு அடுத்து இருந்தது. யஸ்பெக்கைத் தாண்டி அதற்குப் போக அவரால் முடியவில்லை.

இரண்டாயிரத்துப் பதினெட்டு ஆகஸ்டில், ஒரு வாரம் கடும் வெக்கைக்குப் பிறகு, சர்வர் நின்றுபோனது. உள்ளே இருந்த வன்தட்டு கரகரவென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கியது. மாதாம் நுஹாத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஹியாம் நிதானமாக இருந்தார். “எதுக்கு இத்தனை வருஷமா மாசாமாசம் உக்காந்தேன்? ரெண்டு நகல் இருக்கு. ஒண்ணு வீட்டுல, ஒண்ணு இங்க. புதுத் தட்டு வாங்கிட்டு வர்றேன். ஆனா முதல்ல அனாதைப் பொட்டியில இறக்கிப் பாத்துட்டுத்தான்.”

அவசரத்திலும் அவர் தன் விதியை மீறவில்லை. நகல்கள் இரண்டையும் எழுத முடியாதபடி பூட்டினார். கம்பியைப் பிடுங்கினார். பழைய கணினியில் ஒவ்வோர் எழுத்தாக இறக்கினார். நானும் இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பதிவிலும் தொடக்கம், நடு, முடிவு என்று கேட்டேன். மூன்று நாள் ஆயிற்று. அலிஃப் வந்தது, பா வந்தது. நூன் வந்தது, வாவ் வந்தது. ஒவ்வொன்றுக்கும் நுஹாத் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். வியாழக்கிழமை மதியம் யா வந்தது.

யாரித் பேசியது.

யஸ்பெக்கின் கோப்பு இருந்தது. பெயர் இருந்தது, அளவு இருந்தது, நேரம்கூட இருந்தது. அழுத்தியபோது ஒன்றும் வரவில்லை. ஹியாம் ஒலியைக் கூட்டினார். வேறொரு மென்பொருளில் திறந்தார். பிறகு கோப்பின் உட்பக்கத்தைத் திரையில் விரித்தார். பூஜ்யம். வரிவரியாக, பக்கம் பக்கமாகப் பூஜ்யம்.

யூனுஸும் அப்படியே. வீட்டிலிருந்த நகலிலும் அதே இரண்டு கோப்புகள் அதேபோல.

“ரெண்டுலயுமா?” என்றார் நுஹாத்.

ஹியாம் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் மண்டியிட்டு, நகல் தட்டின் மின்கம்பி எங்கே போகிறது என்று கையால் தடவிக்கொண்டே போனார். அது நேராகச் சுவரில் இருந்த மின்துளைக்குப் போயிற்று. சர்வரும் திரையும் இணையப் பெட்டியும் யுபிஎஸ்ஸில் செருகியிருந்தன. அதில் மூன்று துளைதான்.

அவர் பால்கனிக்குப் போய்க் கீழே பார்த்துக் கூப்பிட்டார். “கெவோர்க்!”

தெருவுக்கே ஜெனரேட்டர் மின்சாரம் தருகிற கெவோர்க், இறைச்சிக் கடை வாசலில் பகடை ஆடிக்கொண்டிருந்தார். எங்கள் பகுதியில் நான்கு மணி நேரம் அரசு மின்சாரம், நான்கு மணி நேரம் கெவோர்க். மதியம் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து. அது தவறாது.

“என்ன மாதாம்? கரண்ட் இருக்கே. திட்டறதுன்னா இல்லாதப்ப திட்டுங்க.”

“ஆறு மணிக்கு மாறும்போது நடுவுல எவ்வளவு நேரம் போகும்?”

“நாலு செகண்டு. அஞ்சு. பகடையில நான் தோத்துட்டு இருந்தா பத்து.”

“எல்லா நாளுமா?”

“நான் என்ன சுவிட்ஸர்லாந்தா, மாதாம்? ஒரு கரண்ட் செத்தாத்தான் இன்னொண்ணு வரும். ஏன், டிவி போச்சா? என் தலையில கட்டாதீங்க, ஆமா!”

“இல்ல. ஒண்ணும் போகல. நீ ஆடு,” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

பிறகு அவர் எங்களுக்கு விளக்கியதை நான் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சனிக்கிழமைதோறும் நகல் எடுக்கிற நேரத்தை அவர் வேண்டுமென்றே இரண்டு மணி மாற்றத்துக்கு அப்புறமாக வைத்திருந்தார். மின்சாரம் மாறும் நேரத்தில் நகல் ஓடக் கூடாது என்பதற்காக. அப்போது நகல் எடுக்க இரண்டரை மணி நேரம்தான் ஆகும். நான்கரைக்கு முடிந்துவிடும். ஆறு மணியை அவர் நினைத்துப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. வருடங்கள் போகப் போகப் பதிவுகள் கூடின, படங்கள் சேர்ந்தன. எப்போதோ ஒரு சனிக்கிழமை நகல் ஆறு மணியைத் தாண்டியது, அதன் பிறகு வாராவாரம் தாண்டியது; வீட்டுத் தட்டும் அலுவலகத் தட்டும் வாரம் மாறி வாரம் அதே சுவர்த் துளையில்தான் செருகப்பட்டன. அலுவலகத்தில் யாரும் இல்லை. நான்கு வினாடி மின்சாரம் போனபோது சர்வர் யுபிஎஸ்ஸில் உயிரோடு இருந்தது, தட்டு மட்டும் அணைந்தது. அவர் எழுதிய நிரல், பேருந்து இருக்கையில் துண்டு போடுவதுபோல, முதலில் எல்லாக் கோப்புகளுக்கும் பெயரும் இடமும் பிடித்துவைத்துவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாக நிரப்பும். கடைசியில் இருந்த இரண்டும் நிரம்பவில்லை. திங்கட்கிழமை எண்ணிப் பார்த்தால் நானூற்றுப் பன்னிரண்டு இருக்கும். புதுத் தட்டு வாங்கப் பணமில்லாததால், அடுத்த நகலுக்கு முன் பழைய நகலை அழிப்பது வழக்கம். நல்ல நகல் எப்போதோ அழிந்துபோயிருந்தது.

“கேட்டிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்,” என்றார் ஹியாம். “அசல் அப்ப உயிரோட இருந்தது. அஞ்சு நிமிஷத்துல மறுபடி எடுத்திருக்கலாம்.”

நுஹாத் அவர் தோளைத் தொட்டார். “கரண்டுக்கு நீ என்னம்மா பண்ணுவே? நாட்டோட லட்சணம் அப்படி.”

“கரண்டு இல்ல, மாதாம். நான்தான். யா எழுத்துக்கு நான் பொய்க் குறி போட்டேன். போன தடவை மட்டும் இல்ல, அதுக்கு முன்னாடியும். இவளுக்குத் தெரியும்.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன். நுஹாத் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

செத்த தட்டைத் தோரா பகுதியில் ஒரு கடைக்காரரிடம் கொடுத்தோம். அவர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, உள்ளே தகடு உரசித் தேய்ந்திருக்கிறது, பாரிஸுக்கு அனுப்பினாலும் இதைத்தான் சொல்வார்கள் என்றார். ஆனாலும் அனுப்பினோம். ஆறு வாரம் கழித்து அவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

அந்த ஆறு வாரமும் ஹியாம் தினமும் வந்தார். நகல் தட்டையும் யுபிஎஸ்ஸில் செருகினார், புதுத் தட்டுகள் வாங்கினார், நிரலை மாற்றி எழுதினார். பாரிஸின் பதில் வந்த நாளில் என்னிடம், “யூனுஸ் வீட்டுக்குப் போகணும். அந்தம்மா உயிரோட இருக்காங்க. நீ கூட வர்றியா?” என்றார்.

ரிஃபாத்தின் தாய் என்பதால் எல்லோரும் உம் ரிஃபாத் என்று அழைக்கும் யூனுஸ் வீட்டு அம்மா பஸ்தா பகுதியில் நான்காவது மாடியில் இருந்தார். எண்பத்து நான்கு வயது. மின்தூக்கி வேலை செய்யவில்லை. ஏறிப் போய் மூச்சு வாங்க நின்ற எங்களைப் பார்த்ததும், “நான் இந்தப் படியை நாள்ல ரெண்டு தடவை ஏறி இறங்கறேன். பொண்ணுங்களாம் பொண்ணுங்க,” என்று சொல்லிக் கதவைத் திறந்தார்.

ஹியாம் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பதிவு போய்விட்டது, தன் தவறு, சோதிக்காமலே சோதித்ததாகக் குறி போட்டேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

உம் ரிஃபாத் கேட்டு முடித்தார். “அதாவது, நான் பேசினது காத்தோட போச்சு.”

“ஆமா, அம்மா.”

“நல்லது. காத்துகிட்டதான் நாப்பது வருஷமா பேசிட்டு இருக்கேன். உக்காரு. நின்னா மட்டும் திரும்பி வந்துடுமா?”

காபி வந்தது. கிண்ணத்தில் பேரீச்சை வைத்தார். நான் ஒலிப்பதிவுக் கருவியை மேஜைமேல் வைத்தேன். உம் ரிஃபாத் தன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மறுபடி சொன்னார். முதலில் வேகமாக, பல முறை சொன்ன வாக்கியங்களில். மகன் ரிஃபாத் பேக்கரியில் வேலை செய்தான். விடியற்காலையில் போனான். பெரிய சிவப்பு வண்டி ஒன்று நின்றது. நான் தாளைப் பார்த்து, என்ன உடுத்தியிருந்தார் என்று கேட்டேன்.

அவர் வாயைத் திறந்தார். மூடினார்.

“சட்டை,” என்றார். “நான்தான் துவைச்சுக் காயப்போட்டேன். போன தடவை வந்தவங்ககிட்ட நிறம் சொன்னேன். சொன்னேன்ல? கொடியில தொங்கறது கண்ணுக்குத் தெரியுது. நிறம் தெரியலை.”

ஹியாம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“விடு,” என்றார் உம் ரிஃபாத். “வெள்ளைன்னு போட்டுக்கோ. பேக்கரிக்காரனுக்கு எதைப் போட்டாலும் கடைசியில வெள்ளைதான்.” சிரிக்க முயன்றார். பிறகு, “இல்ல, போடாதே. பொய்யாப் போயிடும்,” என்றார்.

கிளம்பும்போது வாசலில் ஹியாம் நின்றார். உம் ரிஃபாத்தும் ஹியாமின் அம்மாவும் பல வருடம் ஒரே கூடாரத்தில், மகன்களின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு தர்ணாவில் உட்கார்ந்திருந்தவர்கள்.

“அம்மா என்னைப் பத்தி உங்ககிட்ட ஏதாவது சொன்னதுண்டா?”

“உன்னைப் பத்தியா? உனக்கு என்ன, நல்லா வேலை பாக்கறேன்னு சொல்லுவா.”

“அவன் ஏன் அன்னிக்கு வெளிய போனான்னு?”

கிழவி அவரை நன்றாக உற்றுப் பார்த்தார். என்ன பதில் வேண்டும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அவர் நினைத்திருந்தால் ஒரு பொய்யைச் சொல்லி ஹியாமை அனுப்பியிருக்கலாம்.

“அதைக் கேட்டா உம் நாஸிஃப் வாயை மூடிக்குவா, மகளே. எல்லாரும் சொல்லுவோம், அவ மட்டும் சொல்ல மாட்டா. உன்னைக் காப்பாத்தவா, இல்ல உன் மேல கோவமான்னு எனக்கு எப்படித் தெரியும்? அவ உள்ளுக்குள்ள நானா இருந்தேன்?”

படியில் இறங்கும்போது ஹியாம் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு இறங்கினார். இரண்டாவது மாடியில், “அம்மா நம்ம பதிவு அறையில வாயைத் திறந்திருக்காங்க,” என்றார். “ரெண்டு மணி பத்து நிமிஷம். வேற எங்கயும் திறக்காதவங்க அங்க திறந்திருக்காங்க.”

அடுத்த வாரம் அவர் பதிவு அறையில் போய்ச் சாட்சி சொல்பவர்களின் நாற்காலியில் உட்கார்ந்தார். யஸ்பெக் குடும்பத்தின் கோப்பு காலியாக இருக்கக் கூடாது என்றார். நுஹாத், “நீ இதைச் செய்யணும்னு யாரும் கேக்கல,” என்றார். “தெரியும்,” என்றார் ஹியாம்.

நான் தாளில் இருந்த வரிசையில் கேட்டேன். காணாமல் போனவருக்கு நீங்கள் என்ன உறவு?

“தங்கச்சி.”

கடைசியாக அவர் எதற்காக வீட்டைவிட்டுப் போனார்?

“எனக்காக. கணக்கு நோட்டு வாங்க. அவன் வேண்டாம்னுதான் சொன்னான். நான் சாப்பிடாம அடம் பிடிச்சேன். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. போலீஸ்லயும் சொல்லல. அம்மாவுக்குத் தெரியும்.”

மற்றக் கேள்விகளுக்கெல்லாம் ஒரு வரி, இரண்டு வரியில் பதில் சொன்னார். பலவற்றுக்குத் தெரியாது என்றார். அவனுக்கு அம்மை போட்டது எந்த வயதில், கால் முறிந்தது எந்தக் கால். அதெல்லாம் அம்மாவுக்குத் தெரிந்தவை. கடைசிக் கேள்வி, வேறு ஏதாவது சேர்க்க விரும்புகிறீர்களா என்பது.

“எங்க அம்மா இங்க பேசினது இருந்தது. என்னைப் பத்தி ஏதாவது சொல்லியிருந்தா அதுல இருந்திருக்கும். அது போனதுக்கு நான்தான் காரணம். கேக்கப் பயந்துக்கிட்டு விட்டேன். இதையும் எழுதணும். பிரெஞ்சுலயும் எழுதணும். அழகா மாத்தாதே.”

நான் கருவியை நிறுத்தினேன். பதினொரு நிமிடம் ஆகியிருந்தது.

“போடு. முழுசா,” என்றார்.

போட்டேன். தன் குரலை அவர் நாற்காலியில் நேராக உட்கார்ந்து கேட்டார்.

“நடுவுல ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் வருது. மறுபடி எடுக்கணுமா?”

“வேண்டாம் மாதாம். நீங்க பேசறது தெளிவாக் கேக்குது.”

அவர் தலையை ஆட்டினார். எழுந்திருக்கவில்லை. ஜன்னலைச் சாத்தட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார்.